மரியாதையான நோய்

நோய்களில் மரியாதையான நோய், மரியாதை கெட்ட நோய் என்று இரண்டு வகை உண்டு. சர்க்கரை மரியாதையானது; கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சத்தமாகவே சொல்லிக்கொள்ளலாம். ரத்தக்கொதிப்பு அதற்கும் ஒரு படி மேல். பொறுப்பு அதிகமுள்ள மனிதர் போலிருக்கிறது என்று நினைப்பார்கள். அல்சர், நேரத்துக்குச் சாப்பிடாமல் உழைக்கிறவனுக்கு வருவது. ஆனால் ஈரல் கெட்டுவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் முகத்தில் முதலில் வருவது இரக்கம் இல்லை. "ஓ" என்று ஓர் இழுப்பு. கோயமுத்தூர் கோட்டைமேட்டில், அதுவும் ஐந்து வேளை தொழுகிற வீட்டில் இருந்துகொண்டு, அந்த இழுப்புக்குப் பயந்த அளவுக்கு உம்மல் குல்சும் வேறு எதற்கும் பயந்ததில்லை.

அவள் புருஷன் யாகூபுக்கு உக்கடத்தில் குஷன் கடை. கார் சீட், சோபா, ஆட்டோ சீட் எல்லாம் செய்வார். ஃபோமை வெட்டி, ரெக்சினை ஒட்டி, தைத்துக் கொடுப்பார். கால் வீங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் முடிந்து டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். ஈரல் சுருங்கிக் கெட்டியாகிவிட்டது. ஈரல் வழியாகப் போக வேண்டிய ரத்தம் வழியில்லாமல் தேங்கி, வயிற்றுக்குள் இருக்கிற ரத்தக்குழாய்கள் புடைத்து நிற்கின்றன. அவை வெடித்தால் ரத்தமாக வாந்தி வரும், இல்லாவிட்டால் மலம் தார் மாதிரி கறுத்துப் போகும். அப்படி ஆனால் தாமதிக்கவே கூடாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஈரல் நோய், வயிற்றில் ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மாத்திரையை விடக் கூடாது. இரண்டு மாதம் கழித்துக் கட்டாயம் திரும்ப வர வேண்டும்.

இதையெல்லாம் அவர் நிதானமாகத்தான் சொன்னார். ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டிருந்தார். "குடிப்பழக்கம் உண்டுங்களா?" யாகூப் இல்லை என்றார். டாக்டர் தலையாட்டிவிட்டு, சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்தாலும் ஈரல் இப்படி ஆகும், இப்போதெல்லாம் நிறையப் பேருக்கு ஆகிறது என்றார். குல்சுமின் காதில் தங்கியது கேள்வி மட்டும்தான். மற்றது ஆறுதலுக்குச் சொல்வது என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறுவதற்குள் நோய்க்கு வேறு பெயர் வைத்துவிட்டாள்.

"ஆரு கேட்டாலும் அல்சருன்னு சொல்லிப்போடுங்க."

"நோவுக்கு எதுக்கு புள்ள பேரு மாத்தறே? நாம என்ன தப்புப் பண்ணுனோம்?"

"தப்புப் பண்ணுனாத்தான் பேசுவாங்களா? நம்ம மக யுஸ்ராவுக்கு எடம் பாத்துட்டு இருக்கறப்ப லிவரு போச்சுன்னு தெருத்தெருவாச் சொல்லோணுமாக்கும். பொண்ணோட அத்தா குடிகாரருன்னு ஒருக்காப் பேரு வந்துபோட்டா அப்பறம் நம்ம ஊட்டு வாசப்படிய எவன் மிதிப்பான்?"

யாகூபுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. பனைமரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் உலகம் சொல்லும் என்பார்கள். இவர் பனைமரத்துப் பக்கமே போகாத மனிதர். அப்படியும் தன் உடம்பே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கிளம்பிவிட்டதே என்று வெட்கம். ஆகவே அல்சர் என்றே ஆயிற்று. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் செய்யலாம் என்கிற ஊரில் தான் சொன்னது ஒரே ஒரு பொய், அதிலும் சின்னப் பொய் என்று குல்சும் தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பொய் ஊருக்கு மட்டும் என்று நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் தன் புருஷனையே நம்பவில்லை. அங்கேதான் விஷயம் கெட்டது.

அவளைத் திட்டுவது சுலபம். அவள் கண்ணால் என்ன பார்த்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். யாகூப் கடையிலிருந்து வரும்போது சட்டையில் ஒரு நெடி வரும். ரெக்சின் ஒட்டுகிற சொல்யூஷன் நெடி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த நெடியோடுதான் குடித்தனம் நடத்துகிறாள். டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு அதே நெடி அவளுக்கு வேறு மாதிரி மணக்க ஆரம்பித்தது. பிறகு அவர் நடையில் ஒரு தள்ளாட்டம் வந்தது. பேச்சு குழறியது. பகலெல்லாம் கடையில் உட்கார்ந்தபடி தூங்கி விழுந்தார். இரவு கொட்டக்கொட்ட விழித்திருந்தார். டம்ளரைக் கொடுத்தால் கை உதறியது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, அடுத்த தெருவில் யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தன் வீடு என்று தட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். தெருக்கோடி மீன்கடைக்காரர்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். குல்சுமைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு அவளுக்கு அன்று முழுவதும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

அன்று யாகூப் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தபோது, அவள் மெதுவாகக் குனிந்து அவர் வாய்ப்பக்கம் மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

அவர் தூங்கவில்லை. கண்ணைத் திறந்தார். இரண்டு முகமும் அவ்வளவு பக்கத்தில் இருந்தன. அவள் சட்டென்று தலையணையைச் சரிசெய்கிற பாவனையில் கையை நீட்டினாள். அவர், டாக்டரிடம் குழந்தை காட்டுவது போல, வாயை அகலத் திறந்து காட்டினார்.

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது குல்சுமுக்கு. ஆனால் வெட்கம் ஒரு பக்கம் இருக்க, மூக்கு மறுபக்கம் தன் வேலையைப் பார்த்துவிட்டது. அவர் வாயில் ஒரு வாடை இருந்தது. இனிப்பும் மக்கலுமாக, அதுவரை அவள் அறியாத வாடை. பிராந்தி எப்படி மணக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, அதை யார் கண்டார்கள்? தெரியாத வாடை என்றால் அதுவாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள். வெட்கம் அன்று சாயங்காலமே போய்விட்டது. சந்தேகம் தங்கிவிட்டது.

இரண்டு மாதத்தில் வரச் சொன்ன டாக்டரிடம் அவள் கூட்டிப்போகவும் இல்லை. தள்ளாட்டத்தையும் குழறலையும் டாக்டர் பார்த்தால் குட்டு உடைந்துவிடும் என்று பயம். அதற்குள் யுஸ்ராவுக்கு இடமும் அமைந்துவிட்டது. நிக்காஹ் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

இடம் என்றால் நல்ல இடம். போத்தனூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் இல்யாஸின் மகன் அஃபான். இல்யாஸ் வெள்ளை மனசுக்காரர், ஒருவரை நம்பிவிட்டால் முழுதாக நம்புகிறவர். அவர் மனைவி சாஜிதா பேகம் அதற்கும் மேல். கெட்ட மனிதர்களிடம் பொய் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். நல்லவர்களிடம் சொன்ன பொய்தான் தின்ற சோற்றைச் செரிக்க விடாது.

நிச்சயம் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில் விருந்து. நிக்காஹ் ஆகாமல் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது வழக்கமில்லை என்பதால் யுஸ்ரா போகவில்லை. காலையில் குல்சும் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது யாகூப் வந்து பக்கத்தில் நின்றார்.

"புள்ள, வெளிக்கு ஒரு மாதிரி கறுப்பாப் போச்சு."

"சம்பந்தி ஊட்டுக்கு விருந்துக்குக் கெளம்பறப்ப பேசற பேச்சா இது?"

"இல்ல, அன்னிக்கு டாக்டரு சொன்னாரே..."

"நேத்து என்னத்தத் தின்னீங்களோ. போயிட்டு வந்து பாத்துக்கலாம். நீங்க மொதல்ல அந்தச் சட்டைய மாத்துங்க, சொல்யூஷன் நாறுது."

அவர் சட்டையை மாற்றிக்கொண்டார். டாக்டர் சொன்னது குல்சுமுக்கும் நினைவு வந்தது என்பதுதான் கொடுமை. வந்த நினைவை இஸ்திரிப் பெட்டியோடு சேர்த்து ஓரமாக எடுத்துவைத்துவிட்டாள்.

போத்தனூரில் சாஜிதா பேகம் யாகூபுக்கென்று தனிச் சமையலே செய்துவைத்திருந்தாள்.

"அண்ணனுக்கு அல்சருன்னு சொன்னீங்கல்லங்க அக்கா, அதான் மொளகாயே போடாமத் தனியா வெச்சேன். மணத்தக்காளிக் கீரைல தேங்காப்பாலு ஊத்தியிருக்குதுங்க. வவுத்துப் புண்ணுக்கு அதாட்ட மருந்தே கெடயாது. கீரைக்காரம்மாகிட்ட நேத்தே சொல்லிவெச்சு வாங்குனேன்."

குல்சும் தட்டிலிருந்த பிரியாணியைக் கிளறிக்கொண்டே இருந்தாள். யாகூப் கீரையைப் பிசைந்து நாலு வாய் சாப்பிட்டார். நல்லாருக்குதுங்க அம்மணி என்று சாஜிதாவிடம் சொன்னார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. நெற்றியில் வேர்வை. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தவர் வாஷ்பேசினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் வெள்ளைப் பேசின் முழுவதும் ரத்தம்.

தரையில் விழுவதற்குள் இல்யாஸ் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார். அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தமானது, அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அஃபான் காரை எடுத்தான். குல்சும் செருப்புக்கூடப் போடாமல் ஏறிவிட்டாள். பின்னாலேயே ஏறிய சாஜிதா பேகம் அந்தச் செருப்பையும் மறக்காமல் கையில் எடுத்து வந்தாள். வழியெல்லாம் இல்யாஸ் யாகூபின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒண்ணுமில்லீங்க சம்பந்தி, அல்சரு வெடிச்சிருக்கும், ஆஸ்பத்திரி வந்துருச்சு என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

கிட்டத்தில் இருந்த தனியார் ஆஸ்பத்திரி அது. அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தாள்.

"என்னாச்சுங்க?"

"அல்சருங்க டாக்டரம்மா," என்றார் இல்யாஸ். "ரொம்ப நாளா இருக்குது. இப்ப வெடிச்சுப்போச்சாட்ட இருக்குது. கொடங்கொடமா ரத்தம்."

டாக்டர் யாகூபின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். வயிற்றை அழுத்திப் பார்த்தாள். முகம் மாறியது.

"கண்ணு மஞ்சளா இருக்கே. லிவர்ல ஏதாவது பிரச்சினைன்னு சொல்லியிருக்காங்களா?"

குல்சும் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் இல்யாஸ் முந்திக்கொண்டார்.

"லிவரெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. எங்க சம்பந்திக்கு ஒரு கெட்ட பழக்கம் கெடயாது. நான் நாலு பக்கம் நல்லா விசாரிச்சுத்தானுங்க பொண்ணெடுக்கறேன்."

டாக்டர் குல்சும் பக்கம் திரும்பினாள். "நீங்க சம்சாரங்களா? இவருக்கு வேற என்ன நோய் இருக்கு?"

"சக்கர இருக்குதுங்க," என்றாள் குல்சும்.

கேட்ட கேள்விக்கு மரியாதையான நோயைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். இந்த இடத்தில் யாருக்கும் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கும். எனக்கும் அப்படித்தான். புருஷன் செத்துக்கொண்டிருக்கிறான், இவள் மானத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நிற்கிறாள். ஆனால் அவள் பக்கத்தில் சாஜிதா பேகம் அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எதிரே இல்யாஸ், ரத்தச் சட்டையோடு, இவர்களுக்காகச் சத்தியம் பண்ணாத குறையாகப் பேசுகிறார். அந்த மனிதரை ஒரு வார்த்தையில் பொய்யனாக்க வேண்டும். அதற்கு அவளுக்கு நாக்கு எழவில்லை.

"சரி, அல்சருக்கான மருந்த ஏத்துங்க சிஸ்டர்," என்றாள் டாக்டர். "எண்டோஸ்கோப்பி சார் சாயங்காலம் வருவாரு. வந்ததும் பாத்துக்கலாம்."

குல்சும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்; சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் கிடந்தது. அதற்குள் யாகூப் உடம்பு தூக்கிப்போட, மறுபடியும் வாந்தி எடுத்தார். கட்டில் விரிப்பிலிருந்து ரத்தம் தரையில் சொட்டியது. அவருடைய கை காற்றில் எதையோ தேடியது.

"அல்சர் இல்லீங்க," என்றாள் குல்சும். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னாள். "டாக்டரம்மா, அல்சர் இல்லீங்க. லிவருங்க. லிவரு சுருங்கிப்போச்சுன்னு சொன்னாங்க. வவுத்துக்குள்ள ரத்தக்கொழா பொடச்சு நிக்குதுன்னு கொழா உட்டுப் பாத்துச் சொன்னாங்க. காத்தால வெளிக்கு கறுப்பாப் போச்சுன்னாரு. நாந்தான் விருந்துக்கு வாங்கன்னு கூட்டியாந்தேன்."

"மொதல்ல கேட்டப்பவே இதச் சொல்றதுக்கு என்னம்மா?" டாக்டர் கத்தவே செய்துவிட்டாள். நர்ஸிடம் வேறு மருந்தை மாற்றச் சொன்னாள், ரத்தம் கொண்டுவரச் சொன்னாள். போனை எடுத்தாள். "சார், சிரோசிஸ் கேஸ், வயித்துல வெரிசஸ் இருக்காம், பழைய ஸ்கோப்லயே பாத்திருக்காங்க. பயங்கரமா ப்ளீட் ஆகுது. சாயங்காலம் வரைக்கும் தாங்காது. உடனே வாங்க, க்ளூ போட வேண்டியிருக்கும்."

குல்சும் இல்யாஸைப் பார்க்கவில்லை. அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தது மட்டும் தெரிந்தது.

டாக்டர் போனை வைத்துவிட்டு, எழுதிக்கொண்டே அடுத்ததைக் கேட்டாள். "குடிப்பாரா? எத்தன வருஷமா?"

இல்லீங்க. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சின்ன வார்த்தை. ஆனால் அதைச் சொல்லப்போன குல்சுமுக்கு ஜும்ஆவுக்குப் பிறகு பித்தான் மாறிய சட்டை ஞாபகம் வந்தது, மீன்கடைக்காரர் சிரிப்பு வந்தது, அந்த வாடை வந்தது. ஏற்கெனவே ஒரு பொய்யில் மாட்டிக்கொண்டாயிற்று, இதுவும் பொய்யாகிவிட்டால் என்ற பயமும் வந்தது.

"எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க," என்றாள்.

ஆக்சிஜன் மூடிக்கு மேலே யாகூபின் கண் திறந்திருந்தது. அவர் அவளைப் பார்த்தார். ரத்தம் போய்க்கொண்டிருக்கிற மனிதனுக்கு அவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

பெரிய டாக்டர் வந்து குழாய் விட்டு, புடைத்து வெடித்த ரத்தக்குழாய்க்குள் ஊசியால் பசையைச் செலுத்தி அடைத்தார். அப்படி ஒரு பசை இருக்கிறதாம். ரத்தம் பட்டதும் கெட்டியாகிவிடுமாம். ஆயுசு முழுவதும் ஊரார் சீட்டுக்கெல்லாம் பசை தடவின மனிதருக்கு வயிற்றுக்குள் பசை. வேறு நாளாக இருந்தால் குல்சும் இதைச் சொல்லி அவரைச் சீண்டியிருப்பாள், அவரும் சிரித்திருப்பார். ரத்தம் நின்றது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கையை விட்டுப் போயிருப்பார் என்று அந்தப் பெண் டாக்டர் பிறகு சொன்னாள்.

வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு காலை வேளையில், அந்தப் பெண் டாக்டரைத் தனியாக நிறுத்திக் குல்சும் கேட்டாள்.

"டாக்டரம்மா, இவருக்கு இது குடியால வந்ததுதானுங்களா?"

"யாரும்மா சொன்னது? சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து வந்தது. நீங்க காட்டுன பழைய ஸ்கேன்லயே தெரியுது. குடிச்சாத்தான் லிவர் போகும்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

"இல்ல, நடை தள்ளாடுச்சுங்க. பேச்சு கொழறுச்சு. ஊடு தெரியாம அடுத்த தெருவுல போயி நின்னாரு."

"அதுவும் இந்த நோய்தான். ஈரல் சுத்தம் பண்ண வேண்டிய கழிவு ரத்தத்துல தங்கி மூளைக்குப் போயிடும். பகல்ல தூக்கம், ராத்திரி முழிப்பு, கை ஒதறல், வழி மறந்துபோறது, எல்லாம் வரும். வாயில ஒரு மாதிரி இனிப்பா வாடைகூட வரும். பாக்கறவங்களுக்குக் குடிச்ச மாதிரியே இருக்கும். நெறைய வீட்ல பாவம், தப்பா நெனச்சுத் திட்டிக்கிட்டு இருப்பாங்க. ஒரு சிரப் குடிச்சா சரியாப் போற விஷயம். செக்கப்புக்கு ஒழுங்கா போயிருந்தா அப்பவே எழுதிக் குடுத்திருப்பாங்க."

குல்சும் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் வாயைத் திறந்து காட்டியது நினைவுக்கு வந்து, உடம்பெல்லாம் கூசியது. மூளை மங்கி, சொந்த வீட்டுக்கு வழி தெரியாமல் நின்ற மனிதனை அவள் மோந்து பார்த்திருக்கிறாள். தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

அன்று மத்தியானம் யுஸ்ரா சோறு கொண்டுவந்தாள். தூக்குப்போசியை வைத்துவிட்டு, சுற்றிப் பார்த்துவிட்டு, காதோரம் வந்து கேட்டாள்.

"அம்மா, அத்தா நெசமாவே குடிச்சாங்களா?"

"பெத்த அத்தாவப் பத்திக் கேக்கறதுக்கு உனக்கு நாக்குக் கூசலியா? ஆருடி சொன்னா?"

"போத்தனூருல பேசிக்கறாங்களாம். நீயே டாக்டருகிட்ட அழுத்திச் சொல்லலியாமா."

மகளை அடிக்க ஓங்கிய குல்சுமின் கை பாதியில் இறங்கிவிட்டது.

மறுநாள் இல்யாஸும் சாஜிதா பேகமும் மாதுளம்பழத்தோடு வந்தார்கள். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார்கள் என்று குல்சும் நினைத்தாள். சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான், தகும் என்றும் நினைத்தாள். இல்யாஸ் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். யாகூபின் பேச்சு இப்போது தெளிந்திருந்தது, உடம்பில்தான் தெம்பில்லை.

"சம்பந்தி, மனசுல வெச்சுக்காமப் பேசிப்போடறேனுங்க," என்றார் இல்யாஸ். "நான் அங்க நின்னுட்டு அல்சரு, அல்சருன்னு அடிச்சுச் சொன்னேன். என்ற வாயாலயே உங்க உசுருக்கு ஒல வெக்கப் பாத்தேன். அது ஒண்ணுதான் எனக்குத் தாங்கல."

"என்ற தப்புங்க அண்ணா," என்றாள் குல்சும். "நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்."

"போவுது உடுங்க. பயந்துக்கிட்டுச் சொல்லிப்போட்டீங்க. கல்யாணத்துல ஒரு மாத்தமும் இல்ல. அத்தா பண்ணுனதுக்குப் புள்ள என்ன பண்ணும்னு அஃபானே சொல்லிப்போட்டான்."

அத்தா பண்ணினதுக்கு. குல்சும் நிமிர்ந்து பார்த்தாள். இல்யாஸ் யாகூபின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. இவ்வளவு நல்ல மனிதரை அல்லா ஏன் படைத்தான் என்றிருந்தது அவளுக்கு.

"எங்க சின்ன மச்சானும் ஒரு காலத்துல இதுல கெடந்தவருதானுங்க. உட்டுப்போட்டாரு, இப்ப நல்லா இருக்காரு. மன்னிக்கறதுக்குத்தான் அல்லா இருக்கான். தவ்பா செஞ்சு மன்னிப்புக் கேட்டுக்கிட்டாப் பழசெல்லாம் அழிஞ்சுபோயிரும். இனிமே தொடமாட்டேன்னு எனக்கு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க சம்பந்தி. நான் வேற எதையும் கேக்கமாட்டேன்."

யாகூப் குல்சுமைப் பார்க்கவில்லை. சுவரையும் பார்க்கவில்லை. இல்யாஸின் முகத்தையே பார்த்துச் சொன்னார்.

"சரிங்க சம்பந்தி. இனிமே தொடமாட்டேன்."

"அய்யோ, இல்லீங்க," என்று எழுந்துவிட்டாள் குல்சும். "அவரு குடிச்சதே இல்லீங்க. சக்கரையால வந்ததுன்னு டாக்டரம்மா சொல்லுச்சு. தள்ளாடுனதுகூட நோவுதானாம். அல்லா மேல சத்தியமா, ஒரு சொட்டுக்கூட அவரு வாயில பட்டதில்லீங்க அண்ணா."

இல்யாஸ் சங்கடத்தோடு தரையைப் பார்த்தார். சாஜிதா பேகம்தான் வந்து அவள் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டுமுங்க அக்கா, அழுவாதீங்க. பொண்டாட்டின்னா அப்படித்தான் சொல்லோணும். நானா இருந்தாலும் அதத்தான் சொல்லுவேன். அன்னிக்கு அந்தக் களேபரத்துலகூட டாக்டரம்மாகிட்ட அவரக் காட்டிக்குடுக்காம எவ்வளவு பதனமாப் பேசுனீங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க."

குல்சுமுக்குப் புரிந்துவிட்டது. நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் இவர்கள் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு, அன்பாகக் கேட்டுக்கொண்டு, ஒரு எழுத்தும் நம்பப்போவதில்லை. அல்சர் என்று சொன்ன வாயை யார் நம்புவார்கள்? அவர்கள் கொஞ்ச நேரம் மண்டபத்தைப் பற்றிப் பேசினார்கள், மாதுளையை உரித்துக் கொடுங்கள் என்றார்கள், சலாம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். குல்சும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க? பண்ணாத பாவத்தப் பண்ணுனேன்னு ஒத்துக்கறதா?"

"இல்லேன்னா நம்பப்போறாங்களா? யுஸ்ரா கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்."

"நாளைக்கே மறுபடியும் போயிச் சொல்லறேன். டாக்டரம்மாவையே கூட்டீட்டுப் போறேன்."

"வேண்டாம் புள்ள. உடு."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிப்போயிருந்தது. எதைச் சொல்லி எதைச் சரிசெய்வது என்று தெரியவில்லை. ஒன்றாவது உண்மையாகச் சொல்லிவிட வேண்டும் என்று சொன்னாள்.

"ஊரு என்னமோ பேசட்டுமுங்க. நீங்க குடிக்கலைன்னு எனக்குத் தெரியும்."

யாகூப் அவளைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார்.

"டாக்டரம்மா சொல்லித்தானே புள்ள தெரிஞ்சுது."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.